வலப்பக்கத்து மொனிட்டர்

போன மாதம் பவித்ரா அழைத்தாள். நான் வேலை செய்த கண்டி அலுவலகத்தில் இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள். நான் ஓய்வுபெற்று வந்த பிறகு அங்கிருந்து வந்த மூன்றாவது அழைப்பு அது. முதல் இரண்டும் சாவி எங்கே என்று கேட்டு வந்தவை.

"அக்கா, லேயர் விண்டோவக் காணோம்கா. கமாண்ட் அடிச்சா ஒண்ணுமே வரல. எங்க கிளிக் பண்ணினாலும் டிங் டிங்னு சத்தம் மட்டுந்தான். மெஷினுக்குப் பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

"வலப்பக்கத்து மொனிட்டர் எங்க?"

"அது ரிப்பேருக்குப் போயிருக்கு. உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

கீபோர்ட்டில் ஓல்ட்டையும் ஸ்பேஸ் பாரையும் ஒன்றாக அழுத்தி, பிறகு எம் எழுத்தை அழுத்தி, இடப்பக்க அம்புக்குறியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. "ஐயோ, ஓரத்துலருந்து வருதுக்கா! நடந்து வருது!" என்று கத்தினாள்.

அரை நிமிடம். எனக்கு அதே பெட்டியைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அன்று அந்தப் பெட்டி கிடைக்காவிட்டால் ஒரு மனிதரைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற நிலை. அதைப் பவித்ராவிடம் கொஞ்சம் சொன்னேன். "எழுதி வைங்கக்கா" என்றாள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம்.

என் ஊர் நாவலப்பிட்டிக்குப் பக்கம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பப் போக ஆரம்பித்தபோது அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: "பஸ்ஸுல வாயத் தெறக்காத." அது கொஞ்ச நாளைக்கான புத்திமதியாக இருந்திருக்கலாம். இனித் திறக்கலாம் என்று அவர் பிறகு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை பாஸ் செய்தேன், அதற்கு மேல் படிக்கவில்லை. என் கையெழுத்தும் கோடும் சுத்தமாக இருக்கும் என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கடிதம் கொடுத்து அனுப்ப, பத்தொன்பது வயதில் கண்டியில் ஒரு கட்டிடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். படங்களை மையால் பிரதி எடுக்கும் வேலை. பிழையானால் பிளேட்டால் சுரண்ட வேண்டும். பத்து வருடம் சுரண்டினேன். பிறகு கணினி வந்தது. மாலை வகுப்பொன்றில் கணினியில் படம் வரையும் 'கேட்' பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அந்தக் கட்டிடக்கலைஞர் நவ்ஷாத் சேர். கம்பளைக்காரர். தினமும் காலையில் பழைய காரொன்றில் வருவார். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பச்சைப் பென்சில் இருந்தது. படத்தில் பிழை கண்டால் அதன் பக்கத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார், நாமே தேட வேண்டும். தேடிக் கிடைக்காமல் திரும்பக் கொண்டுபோனால் முதல் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைப்பார். மூன்று புள்ளி வாங்கியவர்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. அதற்குள் பிழை கண்ணில் பட்டுவிடும்.

அவருக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. படத்தின் கீழ் மூலையில் அலுவலகத்தின் பெயர், பட இலக்கம், எந்தெந்தத் தேதியில் என்னென்ன திருத்தப்பட்டது என்ற பட்டியல் எல்லாம் அடங்கிய ஒரு கட்டம் இருக்கும். டைட்டில் புளொக் என்போம். அளவு சரிபார்ப்பதற்காக எடுக்கும் செக் பிரிண்டில் அந்தக் கட்டம் இருக்கக்கூடாது. முன்பொரு காலத்தில் சரிபார்க்காத பிரிண்டை ஒரு வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்தே படிக்கட்டு கட்டிவிட்டாராம். கடைசிப் படியில் ஏறினால் தலை கொங்கிறீட்டில் இடித்ததாம். "டைட்டில் புளொக் எண்டா கையெழுத்து மாதிரி புள்ள. முடியாத வேலைக்கி யாரு சரி கையெழுத்து வெப்பாங்களா?" என்பார். ஆகவே செக் பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை அணைத்துவிட்டுத்தான் எடுப்போம்.

அணைப்பது என்றால் இப்படி. கேட் படம் ஒரே தாள் போலத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. சுவர் ஒரு தாளில், அளவுகள் ஒரு தாளில், டைட்டில் புளொக் ஒரு தாளில். அந்தத் தாளைத்தான் லேயர் என்பது. லேயர்களின் பட்டியல் ஒரு பெட்டியில் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு. பல்பைத் தொட்டால் அந்தத் தாள் மறையும், திரும்பத் தொட்டால் வரும்.

சிவநேசன் வந்து சேர்ந்தது சண்டை ஓய்ந்திருந்த காலத்தில். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. எங்கள் இருவரையும் தவிர வேறு படவரைஞர் இல்லை. அவர் கெட்டிக்காரர் என்பதால் சேர் அவருக்குப் புதிய கணினியும் கேட்டின் புதிய பதிப்பும் இரண்டு மொனிட்டரும் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பழையது. அவர் சேமித்த படம் என் கணினியில் திறக்காது. அவர் கட்டளைப் பொத்தான்கள் இருக்கும் எல்லாப் பட்டைகளையும் பெட்டிகளையும் இழுத்து வலப்பக்கத்து மொனிட்டரில் வைத்துவிட்டார். "படம் கிடக்கிற திரையில படம் மட்டும்தான் இருக்கோணும். வீட்டுக்குள்ள வந்து சட்டிபானையைப் பரப்புறதே?" என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

என் மேசை அவருக்குச் சற்றுப் பின்னால். நான்கு வருடம் நான் பார்த்தது பெரும்பாலும் அவருடைய பின்தலையைத்தான். காலையில் வந்ததும் திரும்பாமலே, "என்ன மிஸ், நேற்று எத்தினை சொல்லு கதைச்சனீங்கள்? மூண்டோ, நாலோ?" என்பார். நான் என் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அவரை நான் பெயர் சொல்லியோ, அண்ணன் என்றோ, சேர் என்றோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் எழுந்துபோய்ப் பக்கத்தில் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன்.

அம்பிட்டியவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். நல்லவர். சோறு மூடி வைப்பார். ஆனால் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் எட்டு மணிவரை என்னிடம் தமிழில் ஒரு சொல் பேச அங்கே ஆளில்லை. எட்டு மணிக்குக் கேட்கும் முதல் தமிழ், எத்தனை சொல் கதைத்தீர்கள் என்ற அந்தக் கேள்விதான்.

சண்டை மறுபடியும் மூண்டது. டவுனில் சோதனைச் சாவடிகள் கூடின. ஒருநாள் காலை எட்டு மணிக்கு சிவநேசன் செக் பிரிண்ட் ஒன்றையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு டவுனிலுள்ள ஒரு கடைக் கட்டிடத்தை அளக்கப் போனார். மூன்று மாடியாக்கப்போகிற கட்டிடம். அதன் பின்சுவருக்கு அப்பால் ஒரு காவல் முகாம். எதிர் நடைபாதையில் நின்று மேலே பார்ப்பதும் காகிதத்தில் குறிப்பதுமாக இருந்த தமிழரை யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதரை மணிக்கு இரண்டு பொலிஸ்காரர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆளைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். "அவனுடைய கம்பியூட்டர் எது?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். சேர் பதில் சொல்லுமுன் என் விரல் அந்த மேசையைக் காட்டிவிட்டது. பயத்தில் காட்டியது. அதை நினைத்தால் இன்றும் அந்த விரலை மடக்கிக்கொள்வேன்.

ஒருவர் மேசையைப் பார்த்தார். கதவுப் பக்கமாக இருந்த வலப்பக்கத்து மொனிட்டரின் வயர்களைப் பிடுங்கினார், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார், நடந்தார். அவருக்கு அதுதான் கம்பியூட்டர். படமெல்லாம் இருந்த பெட்டி மேசைக்குக் கீழே, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. நான் சேரைப் பார்த்தேன். அவர் பச்சைப் பென்சிலை உதட்டின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றார். 'கம்பியூட்டர் 1' என்று ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.

சேர் அவர்கள் பின்னாலேயே பொலிஸ் நிலையம் போனார். பதினொரு மணி தாண்டித்தான் திரும்பினார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"பிளானக் காட்டிக் கேக்குறாங்க புள்ள. கம்பனிப் பிளான் எண்டா கம்பனிட பேரு எங்க? நம்பர் எங்க? பேரில்லாத பிளான ஒருத்தன் ஏன் வெச்சிட்டு ஈக்கணும்? நான் சீலக் குத்திக் காட்டினேன். இப்ப அடிச்ச மை, இன்னும் காயல்லயே எண்டு சிரிக்கிறார் இன்ஸ்பெக்டர்."

கட்டிடச் சொந்தக்காரர் வெளிநாடு போயிருந்தார். படம் மாநகர சபைக்கு இன்னும் கொடுபடவில்லை. அதே படத்தை டைட்டில் புளொக்கோடு, எங்கள் பட இலக்க ரெஜிஸ்டரோடு, நாலு மணிக்குள் கொண்டுபோக வேண்டும். நாலு மணிக்குக் கொழும்புக்கு வாகனம். போனால் எங்கே வைப்பார்கள், எத்தனை மாதம் வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களைப் பற்றி நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

"என்ட ரூல்தான் புள்ள. நான் போட்ட ரூல்தான் அவர மாட்டி வெச்ச" என்றார். பிறகு சிவநேசனின் மேசையைக் காட்டினார். "எனக்கு இந்த மெஷின் தெரியா. நீங்க பாருங்க."

நான் முதல் தடவையாக அந்தக் கதிரையில் இருந்தேன். மிஞ்சியிருந்த மொனிட்டரில் படம் திறந்தபடியே இருந்தது. காலையில் அவர் விட்டுப்போனபடி. கீழ் மூலை வெறுமை. லேயர் பெட்டியை வரவழைக்கும் இரண்டு எழுத்தை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. படத்தில் மவுஸால் தொட்டேன். டிங் என்றது. எங்கே தொட்டாலும் டிங். கேட் இறுகிவிட்டது என்று நினைத்து மூடித் திரும்பத் திறந்தேன். இரண்டு எழுத்து. டிங்.

"என்ன செல்லுது?" என்று கேட்டார் சேர்.

"ஒண்ணும் சொல்லல சேர். சத்தம் மட்டுந்தான்."

பட்டைகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. எல்லாம் பொலிஸ்காரர் கையோடு போய்விட்டது போல இருந்தது. உதவிப் புத்தகம் ஆங்கிலத்தில், எண்ணூறு பக்கம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அதில் தேடவே வழியில்லை. கொழும்பில் கேட் விற்றவர்களுக்கு சேர் தொலைபேசி எடுத்தார். ஆள் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.

எஸ்கேப்பை அழுத்திப் பார்த்தேன். சத்தம் நின்றது. படம் அசைந்தது. இரண்டு எழுத்தைத் திரும்ப அடித்தேன். படம் அசையவில்லை, டிங். மறுபடி எஸ்கேப். அசைந்தது. இதை ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன். இறுகிப்போன மெஷின் எஸ்கேப்புக்கு இளகாது. ஏதோ ஒரு பெட்டி திறந்துகொண்டுதான் இருக்கிறது, முதலில் அதற்குப் பதில் சொல் என்று என்னைத் தடுக்கிறது. பெட்டி வருகிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கே வருகிறது?

கையைக் கீபோர்ட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சேர் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் அந்தப் பின்தலையை நினைத்துப் பார்த்தேன். காலை நேரம். அவர் செக் பிரிண்ட் எடுக்கப் போகிறார். இடக்கையால் இரண்டு எழுத்து, பெருவிரலால் ஒரு தட்டு. பிறகு கழுத்து வலப்பக்கம் திரும்பும். காதும் கன்னத்தின் ஓரமும் தெரியும். நான்கு வருடத்தில் அவருடைய முகத்தில் நான் அச்சமில்லாமல் பார்த்த பகுதி அது மட்டும்தான். ஒரு கிளிக். திரும்பவும் பின்தலை.

மவுஸை வலப்பக்கம் தள்ளினேன். அம்பு திரையின் ஓரத்துக்குப் போனது, ஓரத்தில் நிற்காமல் மறைந்தது. என் கணினியில் ஓரம் சுவர் மாதிரி, அம்பு முட்டி நிற்கும். இங்கே அம்பு வெளியே போய்விட்டது. இடப்பக்கம் இழுத்தேன். திரும்பி வந்தது. மொனிட்டரைக் கொண்டுபோனது கணினிக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்தில் இன்னும் ஒரு திரை இருக்கிறது என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய பெட்டிகளையெல்லாம் ஒழுங்காக அங்கேயே திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது.

எழுந்து என் மேசைக்குப் போய் என் மொனிட்டரின் வயரைக் கழற்றினேன். அந்தக் காலத்து மொனிட்டர், பின்னால் பானை வயிறு. தூக்க முடியவில்லை. சேர் ஒன்றும் கேட்காமல் வந்து மறுபக்கம் பிடித்தார். இருவருமாக அடிமேல் அடி வைத்து நடந்து, சிவநேசனின் மேசையில், தூசிக்கு நடுவே சுத்தமாக இருந்த அந்தச் சதுரத்தில் வைத்தோம். தொங்கிக்கொண்டிருந்த வயரைச் செருகினேன்.

திரை வெளுத்து, மெல்லத் தெளிந்தது. பட்டைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் லேயர் பெட்டி திறந்தபடி இருந்தது. டைட்டில் புளொக் வரிசையில் பல்பு அணைந்திருந்தது. தொட்டேன். மஞ்சளானது. இடப்பக்கத் திரையின் கீழ் மூலையில் அலுவலகத்தின் பெயரும், இலக்கமும், ஆறு தேதிகளும், ஆறு தேதிக்கும் எதிரே அவருடைய பெயரின் முதலெழுத்தும் வந்து நின்றன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சேர். மணி ஒன்று தாண்டியிருந்தது.

பிளொட்டர் ஒரு படம் அடிக்க ஒன்பது நிமிடம் எடுக்கும். அன்று அதன் முனை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். தாளைச் சுருட்டும்போது சேர் தயங்கினார். "அவரோட வேல செய்ற இன்னொரு ஆள்ட ஸ்டேட்மென்ட் ஒண்டும் கேக்கிறாங்க. நீங்க வரணும் எண்டு இல்ல. ஏலாட்டி ஏலா எண்டு சென்னா சரி."

என் அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்து முகவரி. நானும் தமிழ். உள்ளே போனால் வெளியே வருவேனா என்ற எண்ணம் வந்தது. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகள் பொருந்தின. சிவநேசன் சுவரோரம் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி முகத்தில் இல்லை. எங்களை அடையாளம் கண்டாரோ தெரியாது. ரெஜிஸ்டரில் இலக்கத்தைத் தேடிப் பிடித்த இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நங்கி, இவர் உனக்கு யார்?" என்று கேட்டார்.

தங்கை என்று விளித்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். யார் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் இல்லை. நான்கு வருடமாக ஒன்றும் வைத்திருக்கவில்லை. கடைசியில் என் அரைகுறைச் சிங்களத்தில், "பக்கத்து மேசை" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் சிரித்தார். அதை அப்படியே எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். மூன்றரைக்குச் சிவநேசனை விட்டார்கள். மொனிட்டரை மட்டும் விடவில்லை. அதை இன்னும் சோதிக்க வேண்டுமாம்.

அலுவலகத்துக்கு வந்ததும் சிவநேசன் தன் மேசையைப் பார்த்தார். கையால் மொனிட்டரின் மேல்பக்கத்தைத் தடவினார். "மிஸ், இது உங்கடையெல்லோ? அப்ப நீங்கள் எதில வேலை செய்வீங்கள்?"

"போர்ட்ல" என்றேன். பழைய வரைபலகையைத் துடைத்து எடுத்து, ஐந்து வாரம் கையால் வரைந்தேன். அந்த ஐந்து வாரமும் காலையில் எத்தனை சொல் என்று அவர் கேட்கவில்லை. பின்தலை சில வேளை ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் இருக்கும். சேர் மறுநாளே செக் பிரிண்டிலும் டைட்டில் புளொக் போடச் சொல்லிவிட்டார். அதன் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் தன் கையாலேயே 'சரிபார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுப்பார்.

ஆறாம் வாரம் சிவநேசன் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்கு மாமா ஒருவர் இருந்தார். சேரிடம் சொல்லிவிட்டு என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றார்.

"பக்கத்து மேசை, போட்டு வாறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. சொல்ல ஒரு சொல் தேடினேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். பிறகு கடிதம் ஒன்றும் வரவில்லை. நானும் முகவரி கேட்டிருக்கவில்லை.

அவருடைய கணினியை சேர் எனக்குத் தந்தார். பொலிஸ் கொண்டுபோன மொனிட்டர் எட்டு மாதம் கழித்து, கழுத்தில் ஒரு இலக்கத் துண்டோடு திரும்பி வந்தது. அதை அதன் இடத்தில் வைத்தேன். கணினி மாறியபோதும், பதிப்பு மாறியபோதும், அமைப்புகளை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டேன். லேயர் பெட்டியை அவர் வைத்த இடத்திலிருந்து நான் அசைக்கவில்லை. இரண்டு எழுத்து, ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு திரும்பல். ஓல்ட், ஸ்பேஸ், எம் என்ற வழியை அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் பிறகு தற்செயலாக அறிந்தேன். அதைப் பயன்படுத்த எனக்குத் தேவை வரவில்லை.

பவித்ராவிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. பெட்டி வந்த சந்தோஷத்தில் அவள் கேட்டாள்: "யாருக்கா இத இவ்வளவு தூரத்துல கொண்டுபோய் வச்சது?"

"முன்னால வேலை செஞ்ச ஒருத்தர். அவருக்கு வலப்பக்கம் ஒரு திரை இருந்திச்சி."

"நான் இத நடுவுலயே வச்சிக்கிறேன்கா. பரவாயில்லதானே?"

மவுஸ் தட்டும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியிருந்தது. "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். வச்சிக்க" என்றேன்.